பொட்டு வைத்த பறங்கிக்காய்

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற சாலையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார் பாக்கியநாதன். எதுவும் அரைகுறையாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இரண்டு பிரேக்கில் ஒன்று பிடிக்காத வண்டிகூட அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை. மணி அடிக்காத வண்டியும் போனதில்லை. "ஜல்தியா ஆஸ்பத்திரி போவணும் அண்ணா, மணி எதுக்கு?" என்று யாராவது பறந்தால், "நீ நோயாளியப் பாக்கப் போறியா, நோயாளியாப் போறியா?" என்பார். அவர் பேச்சில் நியாயம் இருக்கும். அதைச் சொல்கிற தோரணையில்தான் கேட்பவருக்கு எரிச்சல் வரும்.

சபையில் இன்னும் மோசம். பாட்டில் யாராவது ஒரு வரி பிசகினால் திரும்பிப் பார்ப்பார். பெஞ்சில் தூசி இருந்தால் கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கைக்குட்டையை உபதேசியார் துரைக்கண்ணுவின் கண்ணில் படுகிற மாதிரி உதறுவார். ஆண்டவருக்குக் கொடுப்பது முதல் தரமாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. கட்சி நல்ல கட்சிதான். எது முதல் தரம் என்பதில்தான் மனுஷன் கொஞ்சம் ஏமாந்திருந்தார்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்து அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். நிலம் உள்ளவர்கள் நெல்லும் கேப்பையும், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் மூட்டையாகக் கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் கோழி, முட்டை, முருங்கைக்காய் என்று முடிந்ததைக் கொண்டுவருவார்கள். எல்லாம் பலிபீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் நடக்கும். பாக்கியநாதனுக்குக் கையகல நிலம்கூடக் கிடையாது. கொல்லையில் ஒரு பறங்கி விதை ஊன்றி, கொடியைக் கூரைமேல் ஏற்றிவிடுவார். அதில் காய்க்கிற பெரிய காய்தான் ஒவ்வொரு வருஷமும் குவியலின் நடுவில் போய் உட்காரும். ஒலக்கூர் ஆசீர்வாதம் ஆளுயர வாழைத்தாரோடு போட்டிக்கு வந்து பார்த்தார், நடக்கவில்லை. 'பறங்கிக்காய் பாக்கியநாதன்' என்று சபையே சொல்லும்போது அவருக்குத் தலைகால் புரியாது.

எண்பத்தாறாம் வருஷப் பண்டிகைக்குக் கொடி அவர் காலை வாரிவிட்டது. மழைக்காலத்தில் அவர் பார்க்காத நேரத்தில் பொதுச்சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறிவிட்டது. இவர் பக்கம் காய்த்ததெல்லாம் தேங்காய் அளவு. அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று, அம்மிக்கல் கணக்காக ஊதிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீடு கெங்கம்மாளுடையது. புருஷன் இல்லாதவள், மல்லாட்டை உடைக்கிற கூலிக்குப் போகிறவள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதென்றால் தெருவில் முதல் ஆள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் கோழி இவருடைய பறங்கி நாற்றைக் கிளறிவிட்டது, இவர் விட்டெறிந்த கல்லில் கோழிக்குக் கால் போனது. அந்தக் கோழி செத்துத் தொலைந்திருந்தாலாவது விஷயம் மறந்துபோயிருக்கும். அது சாகாமல், தினமும் நொண்டிக்கொண்டே அவர் வாசல் வழியாகப் போய்வந்து கொண்டிருந்தது.

கூரைமேல் காய்த்தது கூரைக்காரருக்கு என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஒருதரம் கெங்கம்மாளின் சுரைக்கொடி இந்தப் பக்கம் வந்தபோது அந்த வழக்கத்தை உரக்கச் சொல்லிக் காயை அறுத்துக்கொண்டவர் பாக்கியநாதனேதான். இப்போது எந்த வாயோடு போய்க் கேட்பது?

பொங்கல் வந்தது. பறங்கிக்காய்க் குழம்பு இல்லாமல் எந்த வீட்டில் பொங்கல்? அவள் வீட்டுக் குழம்பு வாசனை சுவரைத் தாண்டி வந்ததும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். காய் கூரைமேல் அப்படியே இருந்தது. கெங்கம்மாள் சந்தையில் பறங்கிப் பத்தை வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள்.

"இன்னும் பெருசாக்கி விக்கப் பாக்கறா," என்றார் மனைவி அருளம்மாளிடம்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளுங்களேன்."

"என் கொடி. நான் எதுக்குக் கேக்கணும்?"

"அவ கூரையாச்சே," என்று சொல்லிவிட்டு அருளம்மாள் உள்ளே போனாள்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு போதகர், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டு காணிக்கையோடு வாருங்கள் என்று பிரசங்கித்தார். இந்தப் பிரசங்கத்தைப் பாக்கியநாதன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது ஒலக்கூர் ஆசீர்வாதத்துக்காகச் சொல்லப்பட்டது என்று திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார். அன்றும் ஆட்டினார்.

சனிக்கிழமை விடிந்தது. மறுநாள் பண்டிகை. தெருக்குழாயில் தண்ணீர் வந்து, கெங்கம்மாள் குடத்தோடு போனதைப் பார்த்துக்கொண்டார். ஏணியை எடுத்துப்போய் அவள் வீட்டுச் சுவரில் சாத்தினார். இடுப்பில் கத்தி. அவர் மனத்தில் அது திருட்டு இல்லை. ஆண்டவருக்குச் சேரவேண்டியதை ஆண்டவரிடம் சேர்க்கிறார், அவ்வளவுதான். சபைக் கமிட்டி உறுப்பினரான அவர் இப்படி நினைத்துக்கொண்டு ஏணி ஏறுவதை நொண்டிக்கோழி மட்டும் நின்று பார்த்தது.

மேலே போனவர் கையில் கத்தியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

காய்க்கு அடியில் வைக்கோலில் புரி சுற்றிய சும்மாடு, அழுகாமல் இருப்பதற்காக. பனிக்கும் வெயிலுக்கும் ஒரு பழைய புடவைத் துணியால் முக்காடு. கொடியின் மேல் பூச்சிக்குச் சாம்பல் தூவியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காயின் நெற்றியில், நெற்றி என்று ஒன்று இருந்தால், கண்மையால் இத்தனை பெரிய திருஷ்டிப் பொட்டு. தன் காய்களுக்கு அவர் ஒருநாளும் இவ்வளவு செய்ததில்லை. அவருக்கு முகம் சுட்டது.

"பாத்து எறங்குங்க அண்ணா, அந்தப் படி ஆடும் போல இருக்குது," என்று கீழேயிருந்து குரல் வந்தது. கெங்கம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

பாக்கியநாதன் கத்தியை ஒளிக்கப் பார்த்தார். கூரைமேல் எங்கே ஒளிப்பது?

"நாளைக்குத்தான உங்க பண்டிக? நீங்களே வந்து கேப்பீங்கன்னு நானும் பாத்துக்கினே இருக்கேன். வரவே காணோம். ஒரே பேஜாராப் போச்சு எனக்கு."

"பொங்கலுக்கு நீ ஏம்மா அறுக்கல? உன் கூரதான?"

"நல்லா இருக்குதே நாயம்! வருசா வருசம் உங்க சாமிக்குன்னு நேந்து வுடறது. நேந்து வுட்டத இன்னொருத்தி அறுத்துக் கொழம்பு வெப்பாளா? சாமி உங்களுதா இருந்தா எனக்குப் பயம் இருக்காதா?"

அவர் இறங்கினார். கடைசிப் படி நிஜமாகவே ஆடியது. அடுத்தவன் வண்டிக்கு இரண்டு பிரேக் பார்த்தவர் தன் ஏணியைப் பார்க்கவில்லை. தரையில் கால் வைத்ததும் அவருக்கு வேறு யோசனை ஒன்றும் வரவில்லை.

"கோழிய அடிச்சது தப்பும்மா. மூணு வருசம் அதச் சொல்லாம இருந்தது அதவிடத் தப்பு. மன்னிச்சிடு."

கெங்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "கோழி எப்பவோ மறந்துட்டுது. நொண்டிக்கினே முட்ட வெக்கிது. நாமதான் மொறச்சிக்கினு கெடந்தோம். இந்தாங்க, அறுத்துக்குங்க."

"நான் அறுக்க மாட்டேன். நீதான வளத்த? நீயே அறுத்து நீயே கொண்டா."

"நானா? உங்க கோயிலுக்கா?"

"வாடி, நான் கூட்டிக்கினு போறேன்," என்றாள் அருளம்மாள், சுவருக்கு மேல் தலையை நீட்டி. முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் கெங்கம்மாள் தலைக்குக் குளித்து, குங்குமம் இல்லாத நெற்றியில் விபூதி பூசி, அதே சும்மாட்டின் மேல் பறங்கிக்காயைச் சுமந்துகொண்டு கோயிலுக்குள் நுழைந்தாள். பாட்டு பாதியில் தடுமாறியது. அன்று பாக்கியநாதன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. துரைக்கண்ணு ஓடிவந்து காயின் பொட்டைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

"தொடாதீங்க," என்றார் பாக்கியநாதன். "அது அப்படியே இருக்கட்டும்."

துரைக்கண்ணு பழக்கதோஷத்தில் மைக்கைப் பிடித்து, "பறங்கிக்காய், பாக்கியநாதன் குடும்பத்தார் காணிக்கை," என்று வாசித்துவிட்டார். பாக்கியநாதன் எழுந்தார்.

"அது எங்களுது இல்லீங்க. பக்கத்து வூட்டுக் கெங்கம்மாளுது. நான் விதை மட்டும்தான் போட்டேன். அந்தம்மா எங்கிட்டப் பேசாமலே எனக்காகக் காபந்து பண்ணி வெச்சிருந்தாங்க."

போதகர் படியிறங்கி வந்து, தன் கையாலேயே காயை அவள் தலையிலிருந்து இறக்கி, குவியலின் நடுவில் வைத்தார். அப்புறம் மேன்மையான ஜீவியம் என்பதைப் பற்றி வெகுநேரம் பிரசங்கித்தார். பாக்கியநாதன் காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை. பெண்கள் பக்கத்தில் அருளம்மாளும் கெங்கம்மாளும் மூன்று வருஷப் பேச்சைக் குசுகுசுவென்று பேசித் தீர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் முதல் தரம் என்று சொல்லிக்கொண்டு தான் கொண்டுவந்தது வெறும் பெரிய காய்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது.

ஏலத்தில் காயை விடாப்பிடியாக நின்று எடுத்தவர் ஒலக்கூர் ஆசீர்வாதம். சாப்பிட்டுவிட்டு விதைகளைக் கழுவிக் காயவைத்து, ஒரு பொட்டலமாகக் கெங்கம்மாளுக்கே அனுப்பிவைத்தார்.

ஆடியில் விதை ஊன்றினார்கள். கொடி சுவரேறியதும் பாக்கியநாதன் நல்ல ஏணியாகப் போட்டு ஏறி, அதன் நுனியைப் பதமாக எடுத்துக் கெங்கம்மாள் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் நுனி இவர் கூரைப் பக்கம் திரும்பியிருந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அது திரும்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் இழுபட்ட கொடி, கடைசியில் பொதுச்சுவர் மேலேயே படுத்து அங்கேயே காய்த்தது. அந்தக் காய்க்குப் பொட்டு வைத்தவர் பாக்கியநாதன்.

பண்டிகையன்று துரைக்கண்ணு மைக்கைத் தொடுவதற்கு முன் இம்முறை முன்ஜாக்கிரதையாகக் கேட்டார். "இது யாருது?"

"அண்ணனுது," என்றாள் கெங்கம்மாள்.

"கெங்கம்மாளுது," என்றார் பாக்கியநாதன்.