பட்டிப் பொங்கலும் ஒடிந்த கேரட்டும்

என் அம்மாவின் பயங்கள் மூன்று: இடி, ஊசி, நாய். மூன்றாவது எங்கள் வாசலிலேயே படுத்திருந்தது. எங்கள் ஊர் கணபதி. அங்கே வீட்டை ஒட்டி அப்பாவின் லேத் பட்டறை. அங்கே வந்து தங்கிவிட்ட நாய்க்குப் பட்டறை ஆட்கள் வைத்த பெயர் நட்டு. டீ கொண்டுபோகும்போது நட்டு இந்தப் பக்கம் படுத்திருந்தால் அம்மா அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பட்டிப் பொங்கலன்று மேட்டுப்பாளையத்திலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்தார். காய்கறி லாரி ஓட்டுபவர். எப்போது வந்தாலும் மண்டியில் ஒதுக்கிய ஒடிந்த கேரட் ஒரு பை நிறைய வரும். தோட்டம் இருந்தவரை அந்த நாளில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டிய குடும்பம் எங்களுடையது. இப்போது ஊட்ட மாடு இல்லை. மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

“ஏனுங்க மாப்ள, இன்னைக்கு இவன்தான் நம்ம காளை!”

நட்டுவுக்குக் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, கேரட்டை நறுக்காமல் அப்படியே வீசினார். நட்டு காற்றிலேயே எட்டிப் பிடித்தது. நாங்கள் கைதட்டினோம்.

ஜன்னலிலிருந்து அம்மா சொன்னாள்: “அண்ணா, அது அசை போடறதில்லீங்க. மெல்லாம முழுங்குது பாருங்க. அரிஞ்சு போடுங்க.”

“அட போ அம்மணி! நாயைக் கண்டா ஓடறவ எனக்குச் சொல்லித்தாராளாமா!”

அடுத்து வீசியது குட்டையான துண்டு. நட்டுவிடமிருந்து சத்தமே வரவில்லை. முன்னங்காலால் வாயைப் பிராண்டியது. நாக்கு நீலமாகிக்கொண்டு வந்தது. மாமா முதுகில் தட்டினார். அப்பா தண்ணீர், தண்ணீர் என்றார். இரும்பை அறுக்கிற ஆட்களெல்லாம் பின்னால் நகர்ந்தார்கள்.

அம்மா ஓடிவந்தாள்.

“பின்னங்காலத் தூக்கிப் புடிங்கண்ணா!”

தலைகீழாகத் தொங்கிய நட்டுவின் தாடையை ஒரு கையால் விரித்து, மறு கையின் விரல்களை உள்ளே விட்டாள். வளையல் பல்லில் உரசுவது எனக்குக் கேட்டது. கேரட் தரையில் வந்து விழுந்தது. நட்டு இழுத்த அந்த மூச்சைப்போல் பெரிய சத்தத்தை நான் பட்டறையில்கூடக் கேட்டதில்லை. மாமா கேரட்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், எதற்கென்று தெரியாமலே.

அம்மாவின் விரலில் பல் கீறியிருந்தது. சாயந்திரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டாவது பயத்தையும் அன்றே சந்தித்தாள்.

அதன்பின் நட்டுவுக்குக் கேரட் பொடியாக நறுக்கி, உப்பில்லாமல் வேகவைத்துத்தான் வந்தது. வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் படாத ஒரே பாத்திரம் நட்டுவினுடையது.

அம்மா அதைத் தரையில் வைத்து, ஒட்டடைக் குச்சியால் நட்டுவின் பக்கம் தள்ளிவிட்டு, கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அந்த வாய்க்குள்ளேயே கையை விட்டவள் குச்சியை ஏன் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பயம் போய்விட்டதால்தான் அன்று கையை விட்டாள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.