ஃபோர் டி ஃபைல்

வெள்ளிக்கிழமை மாலையில் பாடும் எங்கள் குழுவுக்கு ரிங் ஃபைல் அடித்து வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் ஆயர் குரோவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேனாம், அதனால் காகித விஷயம் எல்லாம் எனக்கு அத்துப்படியாம். அலுவலகத்தில் ஃபைல் அலமாரியில் இருக்கும். எடுப்பேன், வைப்பேன். அது எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்களுடையது மெர்லிமாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துக் கோயில். தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியில்லை. பாடுகிறவர்கள் எல்லாம் டவுனிலிருந்தும் தாமான் குடியிருப்பு வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். நான் புக்கிட் பெருவாங்கிலிருந்து காரில் வருவேன். பாட்டுத் தாள்களை ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தோம். மின்விசிறியைப் போட்டால் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். புதுப் பாட்டு ஒன்று சேர்ந்தால் ஊசியைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும், விரலில் குத்திக்கொள்ள வேண்டும்.

முன்பாட்டுப் பாடுகிறவரை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். அவர் எடுத்துக் கொடுத்தால்தான் எங்களுக்குக் குரல் வரும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். சர்க்கரையால் அவருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் அவர் மடியிலிருந்த தாள்கள் காற்றில் சிதற, பக்கத்திலிருந்தவர் பொறுக்கி அடுக்கி, இனிமேல் நானே திருப்பித் தரட்டுமா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். பெரியக்கா முகம் கறுத்துவிட்டது.

"தாளு திருப்ப எனக்கு ஆளு வேணும்னா, அன்னிக்கே நான் பாட்ட நிறுத்திருவேன்," என்றார்.

சொன்னால் செய்கிற ஆள் அவர். என் வீட்டுக்காரர் போன பிறகு வாரத்தில் நான் ஆவலாகக் காத்திருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். அவர் நிறுத்தினால் குழுவே கலைந்துவிடும். ஆகவே மடியில் படுத்துக் கிடக்கிற, லேசாகத் திரும்புகிற ஃபைலாக வேண்டும். பாட்டையும் பெரிய எழுத்தில் அடித்துவிட வேண்டும். இதுதான் என் கணக்கு.

அச்சுக்கடையில் அந்தக் கணக்கு தவிடுபொடியானது. கடையிலிருந்த சீனப் பெண் நல்ல மாதிரிதான். ஆனால் கேள்வி மேல் கேள்வி. வளையம் ஓ வடிவமா, டி வடிவமா? முதுகு எத்தனை மில்லிமீட்டர்? மேலே பளபளப்பா, மங்கலா? நான் சிவப்பு என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. பிறகு டூ டியா, த்ரீ டியா, ஃபோர் டியா என்றாள். த்ரீ டி என்றால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற படம் என்றுதான் எனக்குத் தெரியும். பாட்டு ஃபைலுக்கு அது எதற்கு? மலாயும் ஆங்கிலமும் கலந்து அவள் விளக்க, நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். டி வடிவ வளையம் மூன்று இருந்தால் த்ரீ டி, நான்கு இருந்தால் ஃபோர் டி என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. நான்கு இருந்தால் தாள் கிழியாதாம். ஆனால் என் அலுவலகத்து மெஷின் தாளில் இரண்டு ஓட்டைதான் போடும். மீதி இரண்டுக்கு எங்கே போவது?

மடி பெரியக்காவுடையது, அவரே முடிவு செய்யட்டும் என்று அங்கிருந்தே போனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவர் எப்போதும் வாய்ஸில்தான் பேசுவார். த்ரீ டி எடுக்கவா, ஃபோர் டி எடுக்கவா, கடையில் நிற்கிறேன் என்றேன். உடனே பதில் வந்தது.

"ஃபோர் டியே எடு தங்கச்சி. மூணு எட்டு ஒண்ணு ஆறு போடு லா."

இது என்ன நம்பர்? கோயில் பதிவு எண்ணா? யாராவது நேர்ந்துகொண்டதா? திருப்பிக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று தயக்கம். போடு என்றால் போட்டுவிட வேண்டியதுதான். எங்கே போட என்று அந்தப் பெண் கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. முதுகில் என்றேன், சாமி பேருக்குக் கீழே, தங்க நிறத்தில், பெரிதாக.

ஃபைல்கள் வந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் ஓர் அம்மா ஃபைல் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, சாமி பேருக்குக் கீழே 3816 எதற்கு என்று கேட்டார். பெரியக்காதான் போடச் சொன்னார் என்றேன். பெரியக்கா தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் எக்கோர் கடையில போடச் சொன்னா, இவ ஃபைலு முதுகுல போட்டுட்டு வந்திருக்கா."

எக்கோர் என்றால் நம்பர் லாட்டரி, மூன்று நம்பருக்கு த்ரீ டி, நாலு நம்பருக்கு ஃபோர் டி; கடையில் நிற்கிறேன் என்றதும் அந்தக் கடை என்று நினைத்துவிட்டாராம். எங்கள் ஊர்களில் ஃபோர் டி என்றால் அதுதான், வேறு எதுவும் இல்லை. டவுனுக்குப் போகிறவர்களிடம் அவர் நம்பர் சொல்லி அனுப்புவது வழக்கமாம், ஆண்டவன் அருளால் எனக்கு மட்டும் தெரியாது. கோயில் முழுக்கச் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

ஆனாலும் பாட்டுத் தொடங்கியதும் மனம் ஆறியது. பெரியக்காவின் மடியில் ஃபைல் நன்றாகப் படுத்திருந்தது. விரலால் தடவி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். எழுத்தை அவ்வளவு பெரிதாக்கி அடித்தது வீண் போகவில்லை என்று உள்ளுக்குள் குதூகலித்தேன். அம்மன் பாட்டுகள் முடிகிற இடத்தில் அடையாளத்துக்காக ஒரு மஞ்சள் அட்டை வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் வெறுமை. முருகன் பாட்டு தொடங்கியபோது பெரியக்கா திருப்பியது அந்த அட்டையை. அதையே பார்த்துக்கொண்டு, வரி வரியாகக் கண்ணை நகர்த்தி, முழுப் பாட்டையும் பிசகில்லாமல் பாடினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாமல் திருப்பிவிட்டாரா? தெரிந்தும் விட்டுவிட்டாரா? அதற்குப் பிறகு நான் வாயை மட்டும் அசைத்தேன்.

சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லாரும் செருப்பு மாட்டும் நேரத்தில் அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். என் பாட்டு பாதியில் நின்றுபோனதைக் காதில் வாங்கியிருக்கிறார்.

"பாத்துட்ட இல்ல?"

பெரிய எழுத்துகூடத் தெரியவில்லையா அக்கா என்று கேட்டேன். தாள் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறதாம். அப்படியானால் இவ்வளவு பாடுபட்டு ஃபைல் எதற்கு என்று கேட்டுவிட்டேன். வெறும் மடியோடு உட்கார்ந்தால் கண் போனது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றார். தெரிந்தால் பரிதாபப்படுவார்கள், பரிதாபம் காதில் விழுந்தால் தனக்குக் குரல் எழும்பாது என்றார். பழைய பாட்டெல்லாம் மனப்பாடம் சரி, அடுத்த மாதம் புதுப் பாட்டு சேர்க்கப் போகிறோமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்றேன்.

"தாள என் ஃபைல்ல மாட்டிரு. பாட்ட நீ வாய்ஸ்ல பாடி அனுப்பு. யாருக்கும் சொல்லாத."

என் குரலைக் கேட்டவர்கள் யாரும் இப்படி ஒரு வேலையை எனக்குத் தரமாட்டார்கள். புதுப் பாட்டு வந்ததும் அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடி அனுப்பினேன். சுருதி எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. சொல்லு வெளங்கல, நிறுத்திப் பாடு என்று பதில் வந்தது. நிறுத்திப் பாடினேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, என் தப்புகளை எல்லாம் உதறிவிட்டு, சுருதி சுத்தமாகப் பாடினார். நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். முடிந்ததும் தாளை அவரே திருப்பினார்.