பாதி வேலையை வயலில் காட்டியவர்

எங்கள் குழுவை நடத்திய சுதர்சினி அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான்கு பேருக்கு முன்னால் வாய் திறக்கத் தயங்குகிற நான் எழுதுவதை அவருடைய குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்முனையில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தம்பிலுவிலில் இருந்து அவருடைய தம்பியின் அழைப்பு வந்தது. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர் திரும்பி வருவார் என்று அவருடைய வேலைகளை ஒருவரும் தொடாமல் வைத்திருந்தோம். மூத்த நிரலாளரான இம்ரான் காக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, "அக்கா போயிட்டா" என்றார். எங்கள் கூட்டம் நின்றபடியே நடப்பது. அன்று அது முடிந்த பிறகும் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

விவசாயிகள் நெல் அறுக்கும் வெட்டு மெஷினை முன்பதிவு செய்வதற்கான செயலியை அவரோடு சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். அது பாதியில் நிற்கிறது. வெள்ளாமை வெட்டு நெருங்கிவிட்டது. அக்காவின் நினைவாக, எல்லாம் குறையில்லாமல் முடித்து அடுத்த போகத்தில் வெளியிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். 'தெரியாது' என்று சொன்னால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எங்கே முட்டி நிற்கிறோம் என்று காலையில் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒன்றுமில்லை.

"ஒண்டுமில்லையா? அப்ப ஏன் புள்ள செயலியில நீ செய்யிற அந்தத் தேதிப் பெட்டி முந்தநாளும் திறக்கல்ல, இண்டைக்கும் திறக்கல்ல?" என்று அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் போன போக்கைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் தன்னிலிருந்தே தொடங்கினார்.

"நான் முட்டி நிக்கிற இடத்த முதல்ல சொல்றன். இம்ரான் எழுதினத நேத்து முழுக்க வாசிச்சன். ஒரு மண்ணும் விளங்கல்ல."

"எனக்கே விளங்கல்ல அக்கா," என்றார் இம்ரான் காக்கா.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்கள் அப்படித்தான் தொடங்கின. நானும் முட்டிய இடத்தைச் சொன்னேன்; தேதிப் பெட்டி அன்றே திறந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக அலுவலகம் மூடிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழன் மாலையில், செயலியில் அதுவரை ஓடுகிற பகுதியை, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே காட்ட வேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். அஜைல் என்று எங்கள் துறை சொல்லும் முறை இதுதான். அவர் அந்தச் சொல்லை அதிகம் சொல்லமாட்டார். "முடிச்சிட்டுக் காட்டினா மரியாதைக்கு நல்லாயிருக்கெண்டு சொல்லுவாங்க. அரைகுறையாக் காட்டினாத்தான் வாயத் திறப்பாங்க" என்பார்.

அப்படித்தான் சவளக்கடை ஊர் வயலுக்குப் போனோம். டிராக்டர் பெட்டியில் மடிக்கணினியை வைத்துக் காட்டினோம். முதலில் பதிந்தவருக்கு முதலில் மெஷின் என்று விதி எழுதியிருந்தோம். மெஷின் ஓட்டுகிற நஸார் நானா திரையை எட்டிப் பார்த்தார்.

"முதல் ஆள்ர வயல் நடுவில கிடக்கு. சுத்திவர வெட்டாத பயிர். மெஷின் பறந்தா போற?"

"அப்ப அதுக்கு ரெண்டு சிறகும் பதிஞ்சி விடுங்க மகன்," என்றார் பக்கத்தில் நின்ற விவசாயி.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். திரும்பும் வழியில் இம்ரான் காக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"செய்த வேலையெல்லாம் போச்சு அக்கா."

"ஓம், போச்சு. முழுசா முடிச்சி வெட்டுக்கு முதல்நாள் கொண்டு வந்திருந்தா, அந்த மனுசர்ர வெட்டெல்லோ போயிருக்கும்?"

யார் விட்ட பிழை என்ற கதைக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. அடுத்து எதை மாற்றுவது என்று மட்டும் கேட்டார். இப்போது தெருவோர வயலில் தொடங்கி, அடுத்தடுத்த வயலாக மெஷின் உள்ளே நகரும்படி செயலி வரிசை போடுகிறது. அந்தப் பகுதியை அவரே சோதித்து முடித்தார். கட்டணம் செலுத்தும் பகுதியும் சிங்களப் பதிப்பும்தான் மீதி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, முடியாததை முடியவில்லை என்று வெளிச்சத்தில் சொல்லும் துணிவு. கொஞ்சம்தான் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, அன்று சொல்லாததை இப்போது கேட்கிறேன்.

இம்ரான் காக்கா, என்னோடு வேலை செய்கிறவர்களே, அடுத்த போகம்வரை பொறுக்க வேண்டாம். ஓடுகிற பகுதியை இந்த வெட்டுக்கே சவளக்கடைக்குக் கொடுத்துவிடுவோம். குறை சொல்வார்கள், திருத்துவோம். அக்கா இல்லாமல் அவர்களோடு யார் கதைப்பது என்று கேட்பீர்கள்.

நான் கதைக்கிறேன். என்னை அனுப்புங்கள்.