ஆறாம் அறையின் அழைப்பு மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நீலாவதி என்கிற நான், எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தீவில் லம்பா லைன் என்ற பகுதியில் தனியாக இருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தொழில். போன டிசம்பரில் பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைப்பு மணி சரிசெய்யப் போனேன். ஒவ்வொரு அறையிலும் கட்டிலருகே, நீள வயரின் முனையில் கையில் பிடித்து அழுத்தும் ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் ஆபீஸில் அந்த அறையின் விளக்கு எரியும், மணி அடிக்கும். பழைய போர்டு மின்னலில் கருகிக் கிடந்தது. நீள வயரில் பாய்ந்து வந்த வோல்டேஜை கன்ட்ரோலர் சிப்பின் பின்கள், அதாவது அதன் உலோகக் கால்கள், தாங்கவில்லை. இடையில் ஒரு ரெசிஸ்டர்கூட யாரும் வைத்திருக்கவில்லை.

புது போர்டில் ஒவ்வொரு பின்னுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர், மிஞ்சும் வோல்டேஜைத் திருப்பிவிட டயோடுகள் வைத்தேன். ஐந்து வயர்களை இணைத்தேன். ஆறாவதைக் காணோம்.

பொறுப்பாளர் சந்திரசேகருக்குப் போன் போட்டேன்.

"அரே, அந்த ரூம் பந்த் மேடம், பூட்டியாச்சு. சோடோ, விட்டுடுங்க."

இல்லத்து முதியவர்கள் எல்லோரையும் மருத்துவ முகாமுக்கு அழைத்துக்கொண்டு அவர் ஃபெரியில் அக்கரைக்குப் போயிருந்தார். கட்டடத்தில் நான் மட்டும். எங்கள் தீவின் டிசம்பர் வழக்கப்படி ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

ஆறாம் விளக்கு எரிந்தது.

வயர் இணைக்காத பின், யாரும் அழுத்தாமலே அழுத்தியதாகச் சில சமயம் பொய் சொல்லும். சிக்னலே வராதபடி அதை கிரவுண்டோடு சேர்த்து ஈயம் வைத்து சால்டர் செய்தேன். இனி எரிய வழியே இல்லை.

எரிந்தது... மணியும் அடித்தது. விட்டு விட்டு... அவசரமாக...

டார்ச்சோடு போனேன். ஆறாம் அறை. வெளியே துருப்பிடித்த பூட்டு.

உள்ளே யாரோ ஸ்விட்ச் அழுத்துகிற சத்தம்... டிக்... டிக்...

"யாரு?"

டிக் டிக் டிக் டிக்...

ஓட நினைத்தேன். எப்படி வாயில் வந்ததோ...

"கேட்டுச்சும்மா... மணி கேட்டுச்சு."

நின்றது.

மணியும் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு...

மறுநாள் ஃபெரித் துறையில், திரும்பி வந்த சந்திரசேகரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அங்க மங்கையர்க்கரசியம்மா இருந்தாங்க மேடம். மெயின்லேண்ட்ல இருந்து பார்க்க யாரும் வந்ததில்ல. மழைக்காலத்துல, மின்னல் விழுந்த ராத்திரி மூச்சு முட்டியிருக்கு. ஸ்விட்ச அழுத்திட்டே இருந்திருக்காங்க. போர்டு கருகிருச்சு... எங்களுக்குக் கேக்கல."

"அந்த ஸ்விட்ச் எங்க சார்?"

அவர் தன் விரல்களை இறுக மடக்கிக் காட்டினார்.

"விரல்கள பிரிக்க முடியல மேடம். வயர வெட்டிட்டு... கையோடயே எரிச்சுட்டோம்."