மாப்பிள்ளைக் காரின் முன் சீட்டு

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, தனியாளாக அரிசி ஆலை எழுப்பியவன் நான். அப்பேர்ப்பட்ட என்னையே என் காரைத் தொட விடாத கராஜ்காரர் ஒருவர் கல்முனையில் இருந்தார். தேங்காய் நார் மாதிரித் தாடி. பேசுமுன் கையைத் துணியில் துடைப்பார், பேசிவிட்டும் துடைப்பார்.

மகனின் கலியாண ஊர்வலம் சம்மாந்துறைக்குள் ஊர்ந்து போகவேண்டும். மெதுவாக ஓடினால் என் பழைய கார் கொதித்துவிடும். பெண்வீட்டு வாசலில் ஆவி பறந்தால் என் மானமும் சேர்ந்து பறக்கும். அதற்காக அவர் பற்றரியில் ஓடும் வாட்டர் பம்ப் ஒன்றை இஞ்சினில் பூட்டினார்.

“கார் ஊர்ந்தாலும் இது தண்ணிய முழுசாச் சுத்தும், ஹாஜியார். இஞ்சின நிப்பாட்டினாலும் கொஞ்ச நேரம் ஓடணும். சுவிச்சுல கை வெச்சிராதீங்க.”

“ஆலையே நடத்துறன், ஒரு சுவிச்ச நடத்த மாட்டனா?”

“மாட்டீங்க. நானும் வாறன்.”

இடுப்பில் கட்டிய, கிறீஸ் படிந்த சாரனோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் நெருக்குப்பட்டேன்.

கார் கொதிக்கவில்லை. வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ மச்சான், பெண்ணின் தம்பி, செம்போடு வந்தான். இஞ்சின் நின்ற பிறகும் பம்ப் இரைவதைக் கேட்டதும், செம்பை வைத்துவிட்டுப் பொனட்டுக்குள் தலையை விட்டான். ஊரே அவன் பின்னால் கூடியது. என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றான்.

இன்றும் சம்பந்தி வீட்டில், “அந்தச் சாரன் உடுத்த காக்கா சுகமா?” என்று அவரைத்தான், அண்ணன் முறை சொல்லி, முதலில் கேட்கிறார்கள். அந்த மனிதரிடம் என்னத்தைக் கண்டார்களோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. கார் என்னுடையது.