இடைவேளையில் எழுந்து போனது நான்தான்

எங்கள் சித்தி சைதாப்பேட்டையில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தார். என் அம்மா தவறிய மறு வருடம் அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறு மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சித்திக்கும் தேற்றிப் பேச வராது. அதனால் சினிமாவுக்குக் கூட்டிப்போவார். தாயை இழந்த பிள்ளை, ஊர் மாறிய பிள்ளை, தட்டுத் தடுமாறி ஆளாகிற பிள்ளை என்று, பத்திரிகை விமர்சனம் படித்துத் தேடித் தேடி அப்படிப்பட்ட படங்களாகவே பொறுக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை, ராயப்பேட்டையில் மேட்னி. படத்தில் ஒரு சிறுமி, வீட்டுக்குப் புதிதாக வந்தவரை முதன்முதலாக “அம்மா” என்றாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. சித்தி என் கையைப் பிடித்தார். ஓகோ, இதற்குத்தானா இத்தனை படம் என்று எனக்கு வந்ததே கோபம்! இடைவேளையில் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறி, துரைசாமி சப்வே வழியாக நடந்து வீடு வந்தேன். அப்பாவிடமும், அன்று வீட்டுக்கு வந்திருந்த அத்தையிடமும், “சித்தி என்னைப் பாதிப் படத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

தியேட்டர் முழுக்கத் தேடி அலைந்துவிட்டு, தலை கலைந்து, சித்தி வந்தார். என்னைப் பார்த்ததும் “அப்பாடா, வந்துட்டியா!” என்றார். அப்பா கத்தினார். சித்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஆமாங்க, தப்பு என்னுதுதான்” என்றார்.

அதன்பின் என்னை அவருடன் தனியாக எங்கும் அனுப்பவில்லை. “பெத்தவளா இருந்தா விட்டுட்டு வருவாளா?” என்று கல்யாணம், காதுகுத்து ஒன்று விடாமல் அத்தை சொன்னார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கவும் அத்தையும் மாமாவும்தான் நின்றார்கள். சித்தி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். நான் வாய் திறக்கவில்லை. பாவி நான்.

சென்ற வருடம் மருத்துவமனையில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அன்னிக்கு நான் பொய் சொன்னேன் சித்தி.”

சித்தி சிரித்தார். “இதை என்கிட்ட எதுக்குடி சொல்றே? எனக்குத்தான் தெரியுமே!”

அதனால்தான், சித்தியின் காரியம் முடிந்த இன்று, உறவினர்கள் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதிச் சொல்கிறேன்.

சித்தியைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், ஓடிவந்து நின்ற உறவினர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்னும் ஓர் உதவி செய்யுங்கள். அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமாக.