ஸ்தோத்திர ஆராதனையில் அக்கா சொன்னது

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று தங்கை சொன்னாள். அக்கா அப்படிப்பட்ட கட்டுரைகளைப் பாதியிலேயே மூடிவைத்துவிடுவார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா சாத்தூரில் பிறந்தார்கள். அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா செவிலியர். அப்பா சீக்கிரமே காலமானதால் அம்மாவின் இரவுப் பணிதான் எங்கள் மூவரையும் வளர்த்தது. விருதுநகரில் கல்லூரிப் படிப்பை முடித்து, வெளிநாடு சென்று, திரும்பி வந்து ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார்கள். கருவில் விழித்திரை எப்படி உருவாகிறது, எந்த மரபணு எப்போது விழிக்கிறது, எப்போது தூங்கப் போகிறது என்பதே அவர்களின் ஆராய்ச்சி. விழித்திரை கெட்டுப்போனால் சில மீன்கள் புதிதாக வளர்த்துக்கொள்ளும். மனிதனுக்கு ஏன் அது முடியவில்லை என்று இருபது வருடங்களுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர்கள் 'கண் டாக்டரம்மா'. கண்ணாடிக்கு நம்பர் கேட்டு வருகிறவர்களிடம் விளக்கி விளக்கி ஓய்ந்துபோனார்கள்.

நான் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சீசன் நெருக்கடியில் மருந்து வெடித்து என் இடது கண் கிழிந்தது. பார்வை போன கண்ணை எடுத்துவிடுவதே நல்லது, வைத்திருந்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து வரலாம் என்றார் மருத்துவர். நான் சம்மதிக்கவில்லை. விழித்திரையையே முளைக்கவைக்கப் பார்க்கும் அக்கா இருக்கும்போது கண்ணை எடுக்க நான் என்ன பைத்தியமா? அக்கா போனில் கெஞ்சினார்கள், திட்டினார்கள். நான் அசையவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவர்களின் ஆய்வு முடிவு ஓர் அறிவியல் பத்திரிகையில் வந்தது. வளர்ந்த எலியின் விழித்திரையில் புதிய நரம்பு செல்கள் முளைத்திருக்கின்றன என்று. அம்மா அழுதேவிட்டார்கள். எங்கள் சபையில் நன்மை நடந்த பிறகுதான் ஸ்தோத்திர ஆராதனை வைப்பது வழக்கம். எனக்குப் பார்வை வருமுன்பே அம்மா முந்திக்கொண்டார்கள். ஆராதனைக்கும் அசன விருந்துக்கும் நாள் குறித்து ஊரையே அழைத்தாயிற்று.

அன்று காலை அக்கா பேருந்திலிருந்து இறங்கி நேரே எங்கள் சபைக் கோயிலுக்கு வந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. போதகர் என்னை முன்னால் அழைத்து, "இந்தத் தம்பிக்குக் கர்த்தர் பார்வை தரப்போகிறார்" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. அக்கா எழுந்து மைக்கை வாங்கினார்கள்.

"எல்லாரும் என் ஆராய்ச்சிக்காக வந்திருக்கீக. அது தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சது. புது செல் மட்டும் ஒளிரணும்னு ஒரு அடையாளம் போட்டிருந்தோம். அது பழைய செல்லுக்குள்ளயும் கசிஞ்சிருச்சு. நான் முளைச்சதுன்னு நினைச்சது அம்புட்டும் பழசு. என் தம்பிக்கு அந்தக் கண்ணுல பார்வை வராது. அதை உடனே எடுத்துரணும்."

அம்மா, "ஏட்டி, சபைக்கு முன்னாடி இப்படித் தலைகுனிய வச்சிட்டியே" என்றார்கள். சமையல்காரர் வாசலில் எட்டிப் பார்த்து, "சாப்பாடு போடவா, வேண்டாமா?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்க்காமல் வெளியே நடந்தேன்.

நான் சம்மதிக்க, நான்காம் நாள் கண்ணை எடுத்தார்கள். அதற்குள் நல்ல கண்ணிலும் லேசாக அழற்சி தொடங்கியிருந்தது. மாதக்கணக்கில் மருந்து போட்ட பிறகே அடங்கியது. அத்தனை நாளும் அக்கா லீவு போட்டுவிட்டு என் அருகிலேயே இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பத்திரிகையில் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையை அக்காவே திரும்பப் பெற்றார்கள். ஆராதனைக்கு முன்பே, இன்னொரு தடவை சரிபார்க்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதன்பின் பெரிய மேடைகளுக்கு அழைப்பு வரவில்லை. மறுபடி மீன் தொட்டிகளிடமே போனார்கள். எந்த முடிவையும் வேறொரு வழியில் சோதிக்காமல் நம்பாதீர்கள் என்று மாணவர்களை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். புற்றுநோய் முற்றி விருதுநகர் வீட்டில் படுத்தபோதும் மடியில் ஒரு மாணவியின் ஆய்வேடு இருந்தது.

கடைசி மாதங்களில் இரவு பகலாகக் கவனித்த செவிலியர் சகோதரிகளுக்கும், மாறி மாறி வந்து தங்கிய மாணவ மாணவிகளுக்கும், காரியாபட்டி உறவினர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும் குடும்பத்தாரின் நன்றி.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கேட்டேன்: "அக்கா, ஒரு மாசம் பொறுத்து, நல்லா சரிபார்த்துட்டு அப்புறமா மெதுவா சொல்லியிருந்தா உன் பேரு கெட்டிருக்காதுல்ல?"

"ஒரு மாசம் நான் பொறுத்திருந்தா, நீயும் பொறுத்திருப்பலே."

உண்மைதான், அக்கா. இரண்டு கண்ணும் போகும்வரை பொறுத்திருப்பேன். உயிரோடிருந்தபோது சொல்லாத நன்றியை இன்று அன்றைய சபையார் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன்.